பார்வையற்றவர்மீது பொறாமைப்பட அனுமதி வேண்டி

சிறுகதைப் போட்டி நடுவர் குழுவினருக்கு வணக்கம்.

இந்த ஆண்டு உங்கள் போட்டிக்கு வந்த கதைகளை முதல் சுற்றில் படித்துச் சலித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பள்ளியில் தமிழ் நடத்துகிறேன்; அரையாண்டு விடுமுறை முழுவதும் இதற்கே போனது. என் பங்குக்கு வந்தவை 42 கதைகள். பார்வையற்றவர்கள் வரும் கதைகள் அவற்றில் 3. ஒன்றை நான் பரிந்துரைத்தேன். நீங்கள் அதை நீக்கிவிட்டு, நான் ஓரமாக வைத்திருந்த இன்னொன்றுக்கு ஆறுதல் பரிசு கொடுத்திருக்கிறீர்கள். நடுவர் தீர்ப்பே இறுதியானது என்ற விதி எனக்கும் தெரியும். யாருடைய பரிசையும் பிடுங்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீக்கிய கதையின் முதல் பக்கத்தில் பென்சிலால் நீங்கள் எழுதியிருந்த குறிப்புதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

"நடை நன்று. ஆனால் மாற்றுத்திறனாளிமீது பொறாமைப்படுவதும், அவர் பழிவாங்குவதும் பொருத்தமாக இல்லை. வாசகர் மனம் புண்படும்."

கதை உங்களுக்கு மறந்திருக்கலாம். கூட்டுக் குடும்பம் ஒன்றுக்கு இரண்டாவது மருமகளாக வருகிறாள், பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு பெண். பத்து வருடம் உழைத்துக் கொட்டியும் மூத்தவளுக்குக் கிடைக்காத நல்ல சொல், வந்த மூன்றாம் மாதமே இளையவளுக்கு மாமியார் வாயிலிருந்து கிடைக்கிறது. சாயங்காலம் பூக்கட்டும்போது மாமியார் இளையவள் பக்கத்தில்தான் உட்காருகிறார். ஒருநாள் மூத்தவள், எப்போதும் சுவரோரம் கிடக்கும் முக்காலியை அடுப்படி நடுவில் இழுத்துப் போடுகிறாள். இளையவளுக்கு முழங்காலில் அடி. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மூத்தவளின் மூக்குக்கண்ணாடியைக் காணோம். வீடெல்லாம் தேடுகிறாள். உலைக்கு அரிசி அள்ளப் பானைக்குள் கையை விட்டால், அரிசிக்கு நடுவே கண்ணாடிக் காம்பு தட்டுப்படுகிறது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. முக்காலி சுவரோரத்துக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான் கதை.

அரிசிக்குள் கை போகும் அந்த இடத்தை நான் மூன்று முறை படித்தேன். கண்ணாடி இல்லாமல் வீடெல்லாம் துழாவியவள், கடைசியில் அதைக் கையால் கண்டுபிடிக்கிறாள். கதாசிரியர் அதை எங்கும் சொல்லிக்காட்டவில்லை. அந்த அடக்கம் இந்த வருடக் கதைக்கட்டில் வேறு எந்தக் கதைக்கும் இல்லை.

இந்தக் கதை எனக்குப் பிடித்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. பார்வையற்ற ஒருவர்மீது நான் நான்கு வருடம் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அவர் எங்கள் பள்ளியின் வரலாற்று ஆசிரியர். ஆறாம் வகுப்பில் விழித்திரை கெட ஆரம்பித்து, கல்லூரிக்குப் போகும்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மிஞ்சியவர். இடமாறுதல் கலந்தாய்வில் முற்றிலும் பார்வையற்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு. பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கும் இந்தப் பள்ளி அவருக்குக் கேட்டவுடன் கிடைத்தது. நான் இரண்டு பஸ் மாறி வேறொரு ஊருக்குப் போய், மூன்று கலந்தாய்வு காத்திருந்து இங்கே வந்தேன். அவர் வரலாறு, நான் தமிழ். அவர் வராமலே இருந்திருந்தாலும் அந்த இடத்தை எனக்குத் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் பொறாமைக்குப் பாடவாரியாகக் காலியிடம் பார்க்கத் தெரியுமா?

ஆசிரியர் அறையில் பேச்சுக்குத் துணை கிடைத்தது. அவருக்கென்ன, விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போக வேண்டாம். அவருக்கென்ன, போக்குவரத்துப் படி தனியாக வருகிறது. அவருக்கென்ன, கோட்டா. இந்த 'அவருக்கென்ன'க்களை நானும் சொல்லியிருக்கிறேன், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. அவர் நாலு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். காது கேளாதவர்போல அவரை நடத்தினோம். அவரிடம் நேரில் பேசும்போதோ, காது மந்தமானவரிடம் பேசுவதுபோலக் கத்தினோம். நான் ஒருபடி மேலே போனேன். டீ கொண்டு வரும் அக்காவிடம், "சாருக்குச் சர்க்கரை போடலாமா?" என்று கேட்டேன். அவர் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். "டீச்சர், எனக்குக் கண்தான் தெரியாது, நாக்கு நன்றாகவே தெரியும்" என்றார். அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பொறாமையோடு கோபமும் சேர்ந்துகொண்டது.

உண்மையான புண் வேறு. எங்கள் இருவர் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான் தடுப்பு. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைக்குள் விடியும் முன்னே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கதையை அவர் சொல்லிக்கொண்டிருப்பார். குரலைத் தாழ்த்திக் கொண்டே வருவார். என் பக்கத்துப் பிள்ளைகள் தட்டியை நோக்கிச் சாய்ந்துகொண்டே போவார்கள். அணி இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த நானும் ஒருநாள் சாய்ந்துவிட்டேன். ஒரு தமிழாசிரியைக்குத் தன் குரலைவிட நல்ல குரல் பக்கத்து வகுப்பில் ஒலிப்பதைவிடக் கொடுமை இல்லை.

அதனால் அவரை அபூர்வப் பிறவி என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் பரிசுக்கதையின் நாயகன் காலடிச் சத்தத்தை வைத்து ஊரில் எல்லாரையும் அடையாளம் சொல்லிவிடுகிறான். எங்கள் சார் அப்படியல்ல. வருகைப் பதிவின்போது, வராத நண்பனுக்காக ஒரு பையன் குரல் மாற்றி "உள்ளேன் ஐயா" சொல்லி, ஒரு பருவம் முழுவதும் அவரை ஏமாற்றினான். தெரியவந்த அன்று அவருக்கு வந்த கோபம் சாதாரணக் கோபமல்ல. நாள் குறிப்பேட்டைத் தூக்கி எறிந்தார். அது கரும்பலகையில் பட்டு என் வகுப்புப் பக்கம் வந்து விழுந்தது.

பிறகு எப்படி மாறினேன் என்று கேட்பீர்கள். நல்ல குணத்தால் அல்ல. நாங்கள் இருவரும் கதை எழுதுகிறவர்கள்; ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. ஒரே மாதத்தில் ஒரே பத்திரிகைக்கு இருவரும் கதை அனுப்பியிருந்தோம். என்னுடையது வந்தது, அவருடையது திரும்பியது. தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. டீ அக்கா வழக்கம்போல டம்ளரை மேசையில் ஒரு தட்டுத் தட்டி வைப்பார். அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகு காட்டிக் குடிப்பார். ஐந்தாம் நாள் நானே போய் என்ன சார் கோபம் என்றேன். "பொறாமை, டீச்சர். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்" என்றார்.

எனக்கு ஏற்பட்டது சந்தோஷம் என்றால் நம்புவீர்களா? இந்த மனிதர் என்மீது பொறாமைப்பட்டது என் கண்களுக்காக அல்ல. மூன்று பக்கக் கதைக்காக. நான் அவர்மீது பொறாமைப்பட்டதும் அவருடைய குரலுக்காகத்தான். சலுகை, படி, கோட்டா எல்லாம் அதை மூட நான் போட்டுக்கொண்ட போர்வை. பரிதாபப்படுகிறவர் மேட்டில் நிற்கிறார். பொறாமைப்படுகிறவரால் அங்கே நிற்க முடியாது. வீதியில் போகும் பிச்சைக்காரர்மீதோ ஆகாயத்தில் போகும் கோடீஸ்வரர்மீதோ நமக்குப் பொறாமை வருவதில்லை; பக்கத்து வீட்டுக்காரர்மீதுதான் வருகிறது. நீங்கள் நீக்கிய கதையில் மூத்தவள் இளையவள்மீது பொறாமைப்பட்ட அந்தக் கணத்திலேயே, அவளைத் தன் ஓரகத்தியாக ஒப்புக்கொண்டுவிட்டாள். அதற்கு முன்புவரை அவள் அந்த வீட்டில் 'பாவம்' மட்டும்தான்.

உங்கள் குறிப்பில் இருந்த தயக்கம் உலகச் சிறுகதைக்கு இல்லை. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 'கதீட்ரல்' 1981இல் வெளிவந்தது. 1983இல் அதே பெயரில் தொகுப்பும் வந்தது. மனைவியின் பழைய நண்பர், பார்வையற்றவர், ஒரு இரவு தங்க வருகிறார். கதை சொல்லும் கணவனுக்கு அவர் வருவதே பிடிக்கவில்லை. பார்வையற்றவர்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்தது. இன்னொரு புண்ணும் இருக்கிறது: அவன் மனைவி முன்பு ஒரு கோடையில் அவருக்குப் படித்துக்காட்டும் வேலை பார்த்தவள். கடைசி நாளில் அவர் அவள் முகத்தை விரல்களால் தொட்டுப் பார்த்தார். அவள் அதைப் பற்றிக் கவிதையே எழுதியிருக்கிறாள். அதன்பின் வருடக்கணக்காக இருவரும் ஒலிநாடாவில் பேசி அனுப்பிக்கொள்கிறார்கள். தன்னிடம் சொல்லாததையெல்லாம் மனைவி அந்த நாடாவில் சொல்கிறாள் என்பது கணவனை அரிக்கிறது. வந்தவரோ தாடி வைத்திருக்கிறார், புகை பிடிக்கிறார், தட்டில் இருப்பதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுகிறார். அவன் மனத்தில் வைத்திருந்த பொம்மை ஒவ்வொரு துண்டாக உடைகிறது. நள்ளிரவில் தொலைக்காட்சியில் பேராலயங்களைப் பற்றி ஏதோ ஓடுகிறது. அது எப்படி இருக்கும் என்று அவனால் சொல்ல முடியவில்லை. கனத்த தாள் கொண்டுவா என்கிறார் அவர். அடியில் வெங்காயச் சருகு கிடக்கும் கடைப் பை ஒன்று அகப்படுகிறது. வரைகிறவன் கைமேல் அவர் தன் கையை வைத்துக்கொள்கிறார். பாதியில், கண்ணை மூடிக்கொண்டு வரை என்கிறார்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் சாருக்கு நான் கதை படித்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவருடைய போன் எழுத்தைப் படித்துச் சொல்லும் வேகத்தை என் காது பிடிக்காது. ஆனால் பழைய தமிழ்ப் புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் அதே போன் உளறும். அதனால் நான். கார்வர் கதையை ஒரு சனிக்கிழமை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தாடி வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். முடிவில் மௌனம். கதை மனத்தைத் தொட்டுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் சொன்னார்: "வந்தவர் பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த வீட்டுக்காரன் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. துக்கத்தோடு வந்தவர்தான் ராத்திரி கண்விழித்து இவனுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது." சற்று நேரம் கழித்து, "கண்ணை மூடிக்கொண்டான், நல்லது. காலையில் காபி கொடுக்கும்போது சர்க்கரை வேண்டுமா என்று யாரைக் கேட்டிருப்பான்?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கதையை இன்றும் நான் உயர்வாகவே நினைக்கிறேன். ஆனால் அதன் முடிவுக்குப் பின்னாலிருக்கும் காலைப்பொழுதை யாராவது எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். முக்காலிக் கதை என் கைக்கு வந்தபோது, இதோ எழுதிவிட்டார்கள் என்று தோன்றியது.

நம்மிடம் இதற்கு மரபே இல்லையா? தாராளமாக இருக்கிறது, நாம் எடுத்துக்கொண்டது பாதிதான். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய தண்டியடிகள் நாயனாரை நினைத்துப் பாருங்கள். திருவாரூர்க் குளத்தை அகலப்படுத்த வேண்டும், கண் தெரியாது. குளத்துக்குள் ஒரு கம்பம், கரையில் ஒரு கம்பம், இடையே கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டுகிறார், கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டுகிறார். என்ன எளிய, அழகான ஏற்பாடு! எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள்? ஏளனம் செய்து பார்த்தார்கள். பிறகு மண்வெட்டியையும் கூடையையும் பறித்து, கம்பத்தையும் கயிற்றையும் பிடுங்கினார்கள். நம் கதையின் முக்காலி அங்கேயே நகர்ந்துவிட்டது. (சேக்கிழார் அவர்களைச் சமணர் என்கிறார், அந்தச் சமயச் சண்டைக்குள் நான் போகவில்லை.) முடிவில் அவருக்குப் பார்வை வருகிறது, அவர்களுக்குப் பார்வை போகிறது. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிய சுந்தரருக்கும் கண் போய்த்தான் திரும்பக் கிடைக்கிறது. பார்வை பரிசு, பார்வையின்மை தண்டனை. கயிறு கட்டிய அறிவை விட்டுவிட்டு, இந்தக் கணக்கை மட்டும் நம் சிறுகதைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. உங்கள் பரிசுக்கதையும் ஆஸ்பத்திரியில்தான் முடிகிறது. பிறவியிலேயே பார்வை நரம்பு பழுதானவன் என்று இரண்டாம் பக்கத்தில் சொல்லிவிட்டு, பத்தாம் பக்கத்தில் கண்தானத்தால் பார்வை கொடுக்கிறார் ஆசிரியர். தானமாகப் பெற்ற கண்ணிலிருந்து பொருத்துவது கருவிழியைத்தான். நரம்போ விழித்திரையோ கெட்டவருக்கு அதனால் பயனில்லை. கட்டுப் பிரித்தவுடன் அவன் அம்மாவின் முகத்தை அடையாளம் கண்டு அழுகிறான். பிறந்ததிலிருந்து பார்த்தே அறியாத மூளைக்கு, முகம் எது சுவர் எது என்று பிரித்தறியவே பழக்கம் வேண்டும். குழுவில் ஒருவராவது இதைக் கேட்டிருக்கலாம்.

நாம் எடுத்துக்கொள்ளாத மறுபாதிக்கு வருகிறேன். அந்தகக்கவி வீரராகவ முதலியார், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பார்வையற்ற புலவர். முதுகில் எழுதச் சொல்லி எழுத்துக் கற்றார் என்று சொல்வார்கள். கடைப் பையில் பேராலயம் வரைந்த அந்த இரண்டு கைகளை எனக்கு இது நினைவூட்டும். கழுக்குன்றப் புராணமும் சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் பாடியவர். அவர் பாட்டு ஒன்றில், ஒரு வள்ளலைப் பாடி யானை பரிசு வாங்கி வருகிறான் ஒரு பாணன். என்ன கொண்டுவந்தாய் என்று மனைவி கேட்கிறாள். யானைக்கு உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான் அவன். களபம் என்கிறான்; அவள் சந்தனமாக எடுத்துக்கொண்டு, பூசிக்கொள் என்கிறாள். மாதங்கம் என்றால் பொன் என்று எண்ணி, வாழ்ந்தோம் என்கிறாள். வேழம் என்றால் கரும்பு, தின்னலாம். பகடு என்றால் எருது, உழலாம். கம்பமா என்றால் கம்பு மாவு, களி கிண்டலாம். கடைசியில் கைம்மா என்றதும்தான் அவளுக்கு உறைக்கிறது, கலங்கிப்போகிறாள். யானைக்குத் தீனி யார் போடுவது! இந்தப் பாட்டைப் பாடியவர் அந்தகக்கவி. பார்வையற்றவர்களையும் யானையையும் சேர்த்தால் நமக்கெல்லாம் ஒரே கதைதான் நினைவுக்கு வரும்: காலைத் தடவித் தூண் என்றார்கள், காதைத் தடவி முறம் என்றார்கள். நம் ஊரிலேயே ஒரு பார்வையற்றவர் யானைக்கு இத்தனை பெயர் வைத்து விளையாடிவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை புலவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்!

புண்படுவது பற்றி நீங்கள் கவலைப்பட்டது வெறும் பயம் என்று நான் தள்ளவில்லை. இழிவாக எழுதப்படும் கதைகள் இருக்கின்றன. அந்த மூன்றில் மூன்றாவது கதை அப்படிப்பட்டதுதான். தடுக்கி விழுவதைச் சிரிப்புக்காக மட்டும் வைத்திருந்தார்கள். அதை நானே நீக்கிவிட்டேன். 2024 ஜூலை 8 அன்று, ஒரு திரைப்படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் எடுத்துச் சொன்னது. இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, குறைபாட்டைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்றது. கட்டுக்கதைகளை வைத்துக் கேலி செய்யாதீர்கள் என்று சொன்ன கையோடு, மறுகோடிக்குப் போய் அதிசயப் பிறவிகளாகவும் காட்டாதீர்கள் என்றும் சொன்னது. படைப்பு மொத்தத்தில் என்ன சொல்கிறது என்று பார்க்கச் சொன்னது. முக்காலிக் கதையை மொத்தமாகப் பாருங்கள். காலடிச் சத்தக்காரனையும் அதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதைவிட நேரடியானது. உங்கள் போட்டி விதி 4: கையெழுத்துப் பிரதி, அல்லது அதை ஸ்கேன் செய்த பிடிஎஃப் மட்டும். எங்கள் சார் கணினியில், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்து யூனிகோடில் தானே தட்டச்சு செய்கிறவர். போட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் யாரிடமாவது கெஞ்சிக் கையால் எழுதி வாங்க வேண்டும். பரிசுக் கதைகளின் தொகுப்பையும் படமாகத்தான் வெளியிடுகிறீர்கள். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத் தாள். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்குப் புத்தகங்களை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். 2013இல் மராகேஷில் இதற்காகவே உருவான உலக உடன்படிக்கையை மறு ஆண்டே ஏற்று உறுதிசெய்த முதல் நாடு இந்தியா. அத்தனைக்கும் பிறகு ஒரு வேர்டு கோப்பை வாங்க மறுப்பது எந்த நியாயம்? விதி 4இல் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த ஆண்டு பார்வையற்றவர்களைப் பற்றி வரும் கதைகளோடு, அவர்களே எழுதும் கதைகளும் உங்கள் மேசைக்கு வரும். அவற்றில் கெட்ட மாமியார்களும் பொறாமைக்காரத் தமிழாசிரியைகளும் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

முக்காலிக் கதையை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. பெயர் மறைத்துத்தான் எங்களுக்குத் தந்தீர்கள். அதைத் தொகுப்பிலாவது சேர்க்க முடியுமா என்று இன்னொரு முறை படித்துப் பாருங்கள். திருப்பி அனுப்பிய கதைக்கட்டில் மேலிருந்து மூன்றாவது. ஏழாம் பக்கம் இரண்டு முறை நகலெடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை உருவிவிட்டுப் படித்தால் தொடர்ச்சி புரியும்.

இந்த மடலை அனுப்பும் முன் சாருக்குப் படித்துக்காட்டினேன். நீளம் அதிகம் என்றார். அந்தகக்கவி பகுதியை முன்னால் கொண்டுபோயிருக்கலாம் என்றார். அந்த "உள்ளேன் ஐயா" சமாசாரத்தை எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்கவில்லை. இரண்டு நாளாக நாற்காலி மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது.

அன்புடன்,
முதல் சுற்று வாசகி ஒருத்தி